காத்து நில்லாமல் பூட்டுப் பெறுதல்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகிறேன். அங்கே நல்ல நிலையில் இருந்த தராசு ஒன்றே. எடைக்கல் பெட்டியும் ஒன்றே. ஒரு நாள் செய்முறை வகுப்பில் இரண்டு மாணவர் குழுக்களுக்கு ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டியிருந்தது. ஒரு குழு முந்திச் சென்று தராசை எடுத்துக்கொண்டது. அதற்குள் மற்றொரு குழு எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டது. பெட்டி வரட்டும் என்று முதற்குழு காத்திருந்தது. தராசு வரட்டும் என்று இரண்டாம் குழு காத்திருந்தது. இரு குழுவினரும் நல்ல பிள்ளைகள். அவர்கள் சண்டையிடவில்லை; சத்தமும் போடவில்லை. ஆதலால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்தபின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஓர் எண்கூட இல்லை.

அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது கணிப்பொறிக்குள்ளும் நேரக்கூடியது. அங்கும் சண்டையில்லை, சத்தமில்லை. வேலை மட்டும் நின்றுபோயிருக்கும். அதனைத் தவிர்க்க நிரல் எழுதுவோர் கையாளும் வழிகளுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒரு பொருளைக் கேட்பது, கிடைத்தால் எடுத்துக்கொள்வது, கிடைக்காவிட்டால் காத்து நில்லாமல் திரும்பி வருவது: இதுவே அவ்வழி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. அதனை முடிவில் காண்போம்.

முதலில் சில அடிப்படைச் செய்திகள். நிரல் என்றால், ஒருவன் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலைகளின் பட்டியல் என்று நாம் எண்ணுகிறோம். இன்றைய நிரல்கள் பல அவ்வாறு இல்லை. நீங்கள் செல்பேசியில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது; திரையில் உங்கள் விரல் படும் இடத்தையும் நிரல் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிரலுக்குள் இவ்வாறு தனித்தனியே ஓடும் வேலை ஒவ்வொன்றுக்கும் இழை என்று பெயர். ஒரே நிரலின் இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வசதியும் இதனால்தான், ஆபத்தும் இதனால்தான்.

ஆபத்து யாது? ஒரு வங்கிக் கணக்கில் 1000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். ஓர் இழை அதில் 500 ரூபாயைச் சேர்க்க வருகிறது. மற்றோர் இழை 300 ரூபாயைச் சேர்க்க வருகிறது. முதல் இழை இருப்பைப் படிக்கிறது: 1000. அது கூட்டி எழுதுவதற்குள் இரண்டாம் இழையும் இருப்பைப் படித்துவிடுகிறது: அதுவும் 1000. முதல் இழை 1500 என்று எழுதுகிறது. இரண்டாம் இழை, தான் படித்த 1000 உடன் 300 ஐக் கூட்டி, 1300 என்று அதன்மேல் எழுதிவிடுகிறது. இருக்க வேண்டியது 1800, இருப்பதோ 1300. ஐந்நூறு ரூபாயை எவரும் திருடவில்லை. இரு கணக்கர்களும் பிழையின்றிக் கூட்டினார்கள். ஆயினும் பணம் மறைந்துவிட்டது.

இதற்கு மருந்தாகக் கண்டதே பூட்டு. கணக்கைத் தொடுமுன் பூட்டைப் பெறவேண்டும்; வேலை முடிந்ததும் அதனை விடுவிக்கவேண்டும்; ஒரு நேரத்தில் ஓர் இழையிடமே பூட்டு இருக்கும். ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இத்துறைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர். ஒரே பொருளைப் பலர் ஒரே காலத்தில் தொடாதிருக்கச் செய்வது எப்படி என்ற வினாவுக்கு விடையாக, 1965ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை அளவில் மிகச் சிறியது. ஆனால் அதன் பயன் மிகப் பெரியது. அவர் வகுத்த மற்றொரு கருவிக்கு இரயில் பாதையின் கைகாட்டி மரத்தின் பெயரையே இட்டார். கைகாட்டி இறங்கினாலன்றி வண்டி உள்ளே நுழையலாகாது என்பதை நாம் அறிவோம். அக்கருத்தையே அவர் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தார்.

சரி, ஒருவர் கையில் பூட்டு இருக்கும்போது மற்றொருவர் வந்து கேட்டால் என்ன ஆகும்? வழக்கமான ஏற்பாட்டில், வந்தவர் அங்கேயே நின்றுவிடவேண்டும். கணிப்பொறியின் இயக்க அமைப்பு அந்த இழையை உறங்கவைத்துவிடும். பூட்டு விடுபட்டபின் எழுப்பும். இதில் தவறில்லை. உறங்கும் இழை செயலியின் நேரத்தைத் தின்பதில்லை. பூட்டு வைத்திருப்பவர் விரைவில் விட்டுவிடுவார் என்ற உறுதி இருந்தால், இதுவே நேரிய வழி.

அந்த உறுதி இல்லாவிட்டால்தான் தொல்லை. இராமன் கணக்கிலிருந்து சீதை கணக்குக்குப் பணம் மாற்றவேண்டிய ஓர் இழை, இராமன் கணக்கின் பூட்டைப் பெற்றுக்கொண்டு சீதை கணக்கின் பூட்டுக்குக் காத்திருக்கிறது. அதே நொடியில் சீதை கணக்கிலிருந்து இராமன் கணக்குக்கு மாற்ற வந்த இழை, சீதை கணக்கின் பூட்டைப் பெற்றுக்கொண்டு இராமன் கணக்கின் பூட்டுக்குக் காத்திருக்கிறது. தராசும் எடைக்கல் பெட்டியும் போன்ற கதைதான். இந்நிலைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வகுப்புக்கு மணி அடிக்கும்; கணிப்பொறியில் மணி அடிப்பார் இல்லை. எவரேனும் வந்து நிரலை நிறுத்தும்வரை அவை அப்படியே நிற்கும்.

1971ஆம் ஆண்டில் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்னும் மூவர், முட்டுக்கட்டை விளைவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூடவேண்டும் என்று எடுத்துக்காட்டினர். ஒரு பொருளை ஒருவரே ஒரு நேரத்தில் வைத்திருக்கலாம் என்பது ஒன்று. கையில் ஒன்றை வைத்துக்கொண்டே வேறொன்றுக்குக் காத்திருப்பது இரண்டு. ஒருவர் கையில் உள்ளதை மற்றவர் பிடுங்கலாகாது என்பது மூன்று. நான் உனக்காகவும் நீ அவனுக்காகவும் அவன் எனக்காகவும் காத்திருக்கும் வட்டம் நான்கு. இவற்றுள் ஒன்றை உடைத்தாலும் போதும், முட்டுக்கட்டை விளையாது. இன்று நாம் பேசும் முறை இரண்டாவது நிபந்தனையை உடைக்கிறது. கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால்தானே தொல்லை? காத்திருக்கவே வேண்டாம் என்கிறது அது.

காத்திருத்தலால் விளையும் தீமை முட்டுக்கட்டை ஒன்று மட்டுமன்று. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாட்களுக்குள் அதன் கணிப்பொறி திடீர் திடீரென்று தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளலாயிற்று. காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு பூட்டு அகப்பட்டது. வானிலைக் குறிப்புகளைத் திரட்டும் தாழ்ந்த முதன்மையுடைய வேலை ஒன்று பூட்டை வைத்திருந்தது. மிக உயர்ந்த முதன்மையுடைய வேலை ஒன்று அதற்காகக் காத்து நின்றது. இடைப்பட்ட முதன்மையுடைய வேறு வேலை வந்து, தாழ்ந்த வேலையை ஓடவிடாமல் செயலியைப் பிடித்துக்கொண்டது. ஆகவே பூட்டு விடுபடவில்லை. உயர்ந்த வேலை உரிய நேரத்தில் முடியவில்லை. அதனைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு கணிப்பொறியை மறுபடி தொடங்கச் செய்தது. அங்கே கையாண்ட மருந்து வேறு: பூட்டு வைத்திருக்கும் தாழ்ந்த வேலைக்கு, காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டனர். நாம் இங்கே கொள்ளவேண்டிய பாடம் இதுதான்: எல்லையின்றிக் காத்திருக்கும் ஒருவர், தம் நேரத்தைத் தாம் அறியாத பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார்.

இனி, காத்து நில்லாமல் கேட்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான நிரல் மொழிகளில் இதற்கு வழி உண்டு. 1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் இழைத் தரத்தில் ‘ட்ரைலாக்’ என்ற கட்டளை இருக்கிறது. 2004இல் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பிலும், 2011ஆம் ஆண்டின் சி பிளஸ் பிளஸ் தரத்திலும் அதே கருத்து அமைந்திருக்கிறது. பைத்தான் மொழியில், பூட்டைக் கேட்கும்போதே ‘நிற்கமாட்டேன்’ என்று குறித்துவிடலாம். எம்மொழியாயினும் பொருள் ஒன்றே. பூட்டு ஓய்வாக இருந்தால் உடனே உங்களுடையதாகிவிடும். ‘ஆம்’ என்ற விடை வரும். வேறொருவரிடம் இருந்தால் ‘இல்லை’ என்ற விடை வரும். இரண்டில் எதுவாயினும் நீங்கள் நிற்கவேண்டியதில்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனியுங்கள். ‘பூட்டு ஓய்வாக இருக்கிறதா?’ என்று முதலில் பார்த்து, ‘இருக்கிறது’ என்று கண்டபின் எடுப்பது போதாதா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். போதாது. பார்த்ததற்கும் எடுப்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருப்பதைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு நீங்கள் வாயில் வழியே சுற்றி வருவதற்குள் மற்றொருவர் அதனை எடுத்துச் சென்றிருக்கலாமன்றோ? ஆதலால் பார்த்தலும் எடுத்தலும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக இருக்கவேண்டும். செயலியிலேயே இதற்கென்று தனிக் கட்டளை உண்டு. நினைவகத்தின் ஓர் இடத்தில் ‘ஓய்வு’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த மூச்சிலேயே ‘எடுக்கப்பட்டது’ என்று மாற்றிவிடும். நடுவில் வேறெந்த இழையும் நுழைய இயலாது. காத்து நில்லாமல் கேட்கும் முறைக்கு இதுவே அடித்தளம்.

‘இல்லை’ என்ற விடை வந்தால் என்ன செய்வது? இங்கேதான் நிரல் எழுதுபவரின் அறிவு சோதிக்கப்படுகிறது. மூன்று சூழ்நிலைகளைக் காண்போம்.

முதலாவது, வேலையை அறவே விட்டுவிடக்கூடிய சூழ்நிலை. பழைய கோப்புகளை அவ்வப்போது துப்புரவு செய்யும் ஒரு நிரலை எண்ணிப்பாருங்கள். ஓர் இழை துப்புரவு செய்ய வந்து பூட்டைக் கேட்கிறது. ‘இல்லை’ என்று விடை வருகிறது. வேறொருவர் அப்போது துப்புரவு செய்துகொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். ஒரு முற்றத்தை இருவர் பெருக்கவேண்டியதில்லை. வந்தவர் தம் மற்ற வேலையைப் பார்க்கப் போகலாம்.

இரண்டாவது, கையிலுள்ள பழைய விவரத்தைக் கொண்டே சமாளிக்கக்கூடிய சூழ்நிலை. வானொலியின் வாயிலாகப் பேசுகிறவன் என்பதால் இதற்கு ஒலியையே எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறேன். கணிப்பொறி வழியே ஒலிபரப்பும்போது, ஒரு நொடிக்கு 48,000 எண்களாக ஒலியைப் பிரித்து அனுப்புவது ஒரு வழக்கம். ஒரு தடவைக்கு 480 எண்கள் கொண்ட கட்டாக அனுப்பினால், ஒவ்வொரு கட்டுக்கும் நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே உண்டு. அதற்குள் அடுத்த கட்டு ஆயத்தமாகாவிட்டால் கேட்போர் காதில் ‘படக்’ என்று ஓர் ஒலி விழும். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எண் ஒரு பூட்டுக்குள் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒலியனுப்பும் இழை அப்பூட்டுக்காக உறங்கினால் பாட்டு அறுந்துவிடும். ஆகவே அது கேட்டுப் பார்க்கிறது. ‘ஆம்’ என்றால் புதிய அளவைப் பெறுகிறது. ‘இல்லை’ என்றால் இந்தக் கட்டுக்குப் பழைய அளவையே வைத்துக்கொண்டு, அடுத்த கட்டில் மறுபடி கேட்கிறது. நூற்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக ஒலி குறைவதை எவரும் உணரமாட்டார். பாட்டு அறுந்தால் எல்லாரும் உணர்வர்.

மூன்றாவது, வேலையை விடவும் முடியாது, பழையதைக் கொண்டு சமாளிக்கவும் முடியாது என்ற சூழ்நிலை. இராமன், சீதை கணக்குகள் இவ்வகையின. பணத்தை மாற்றியே தீரவேண்டும். இங்கே செய்யவேண்டியது யாதெனில், முதற்பூட்டைப் பெற்றபின் இரண்டாவதைக் காத்து நில்லாமல் கேட்கவேண்டும். ‘இல்லை’ என்றால் கையிலுள்ள முதற்பூட்டையும் விடுவித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து மறுபடி முயலவேண்டும். முதற்பூட்டை விடாமல் இரண்டாவதை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருப்பது, நின்றுகொண்டே காத்திருப்பதற்குப் பதில் நடந்துகொண்டே காத்திருப்பதாகும். முட்டுக்கட்டை அப்படியே இருக்கும்.

இந்த விதியை அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் எண்ணினேன். அந்த வெற்றுக் குறிப்பேடுகளைக் கண்ட மறுவாரம், “இரண்டும் கிடைக்காவிட்டால் கையில் இருப்பதை மேசைமேல் வைத்துவிடுங்கள்” என்று மாணவர்களுக்குச் சொன்னேன். கீழ்ப்படிதலுள்ள பிள்ளைகள் அல்லவா? தராசு எடுத்தவர்களும் பெட்டி எடுத்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்து, இருவரும் ஒரே நேரத்தில் மேசைமேல் வைத்தார்கள். மேசைமேல் இருப்பதைக் கண்டு இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். முன்போலவே இவர்கள் கையில் தராசு. அவர்கள் கையில் பெட்டி. மீண்டும் வைத்தார்கள்; மீண்டும் எடுத்தார்கள். முதல் வாரம் வகுப்பு அசையாமல் நின்றது. அந்த வாரம் அசைந்துகொண்டே நின்றது. விதி வகுத்த என் குறையே அது, பிள்ளைகள்மேல் குற்றமில்லை.

கணிப்பொறி இயலில் இந்நிலையை ‘லைவ்லாக்’ என்கிறார்கள். இழைகள் ஓடிக்கொண்டே இருக்கும், வேலை நகராது. இதற்கு மருந்து, இருவரும் ஒரே தாளத்தில் இயங்காதவாறு செய்வது. தோற்றவர் உடனே முயலாமல், சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல முன்கூட்டி அறியமுடியாத ஒரு சிறு நேரம் ஓய்ந்திருக்கவேண்டும். மறுபடி தோற்றால் அந்த ஓய்வின் எல்லையைக் கூட்டவேண்டும். 1970களில் உருவான ஈதர்நெட் இணைப்பிலும், இரு கணிப்பொறிகள் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் இம்முறையைத்தான் கையாண்டனர். எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் சற்று நின்றால் போதும், வழி திறந்துவிடும்.

புதிதாக நிரல் எழுதுவோர் இம்முறையில் செய்யும் பிழைகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். விடையைப் பாராமலே உள்ளே நுழைவது முதற்பிழை. கதவைத் தட்டிவிட்டு, ‘வரலாம்’ என்ற சொல்லுக்குக் காத்திராமல் நுழைவது போன்றது இது. பூட்டு இருந்தும் இல்லாததாகிவிடும். தான் பெறாத பூட்டை வேலை முடிவில் விடுவிக்க முயல்வது இரண்டாம் பிழை. ‘ஆம்’ என்று விடை வந்த வழியில் மட்டுமே விடுவிக்கும் கட்டளை இருக்கவேண்டும். அவ்வழியில் நடுவே இடையூறு நேர்ந்தாலும் அக்கட்டளை நிறைவேறியாகவேண்டும். இடைவெளியே இன்றி ‘தருகிறாயா, தருகிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது மூன்றாம் பிழை. அப்படிக் கேட்கும் இழை செயலியை வீணே உழைக்கவைக்கிறது. அதைவிட உறங்கிக் காத்திருப்பதே மேல். ‘இல்லை’ என்ற விடையை நிலையான உண்மையாகக் கொள்வது நான்காம் பிழை. அது கேட்ட கணத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. நீங்கள் அதனைக் கேட்டு முடிப்பதற்குள் பூட்டு விடுபட்டிருக்கலாம். சி பிளஸ் பிளஸ் தரமோ, பூட்டு ஓய்வாக இருக்கும்போதே எப்போதாவது ‘இல்லை’ என்ற விடை வர இடம் தந்திருக்கிறது.

நிற்பதற்கும் நில்லாமல் திரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவழியும் உண்டு. ‘இவ்வளவு நேரம் காத்திருப்பேன், அதற்குமேல் இல்லை’ என்று எல்லை குறித்துக் கேட்கலாம். ஜாவாவில் 2004 முதலே இவ்வசதி இருக்கிறது. பைத்தான் பூட்டுகளில் 2011இல் வந்த 3.2 பதிப்பில் சேர்ந்தது. எல்லை கடந்தபின் வேலையைக் கைவிட்டு, ‘இப்போது இயலவில்லை’ என்று பயன்படுத்துவோருக்கு அறிவிக்கலாம். உருண்டுகொண்டே இருக்கும் திரையைக் காட்டிலும் அந்த நேர்மையான அறிவிப்பு நல்லது.

இவ்வளவும் சொன்னபின் வேறோர் உண்மையையும் சொல்லாவிட்டால் என் கடமை முடிந்ததாகாது. எத்தனை பூட்டுகள் தேவை என்பது முன்பே தெரியுமானால், எல்லா இழைகளும் ஒரே வரிசையில் அவற்றைப் பெறவேண்டும் என்று விதிப்பதே எளிய வழி. சிறிய எண்ணுள்ள கணக்கின் பூட்டு முதலில். பெரிய எண்ணுள்ளது பிறகு. அப்போது காத்திருப்பின் வட்டமே உண்டாகாது; நான்காம் நிபந்தனை உடைந்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் முடிவில் அதைத்தான் செய்தேன். “தராசு கையில் உள்ளவரே பெட்டியைத் தொடலாம்” என்று அட்டை ஒன்று எழுதித் தொங்கவிட்டேன். அதன்பின் ஒரு குழு காத்திருந்தது. ஆனால் மற்றொரு குழு எடை பார்த்து முடித்தது. பிறகு காத்திருந்த குழுவும் முடித்தது. மணி அடித்தபோது இரண்டு குறிப்பேடுகளிலும் எண்கள் இருந்தன.

ஆகவே மாணவ நண்பர்களே, காத்து நில்லாமல் கேட்பது ஒரு கருவி. எல்லா நோய்க்கும் ஒரே மருந்தன்று. வரிசை வகுக்க இயலுமிடத்தில் வரிசை வகுங்கள். விரைவில் விடுபடும் என்ற உறுதி உள்ள இடத்தில் பொறுமையாகக் காத்திருங்கள். நிற்கவே கூடாத இடத்திலும், நிற்காமலே வேறு பயனுள்ள வேலை செய்யக்கூடிய இடத்திலும் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு என்றேன் அன்றோ? அது இதுதான்: இம்முறையின் ஆற்றல் ‘ஆம்’ என்ற விடையில் இல்லை, ‘இல்லை’ என்ற விடைக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளை முதலில் எழுதுங்கள். அவற்றை எழுத முடியவில்லையானால், கேட்டுப் பார்க்கும் இடம் அதுவன்று என்று அறிந்துகொள்ளுங்கள்.